பலகையில் 8 வீதம், புத்தகத்தில் பாதியா? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாதாந்தச் சேமிப்புத் திட்டங்களைப் பற்றியவை. பதில்களில் வரும் வட்டி வீதங்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக எடுத்தவை. உங்கள் வங்கியில் இன்று என்ன வீதம் என்பதைக் கிளையில் தொங்கும் வட்டிப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாதம் 5,000 ரூபா வீதம் 12 மாதம் கட்டும் திட்டம் ஒன்றில் சேர்ந்தேன். 8 வீத வட்டி என்றார்கள். 60,000 ரூபாவுக்கு 4,800 ரூபா வரும் என்று நினைத்திருந்தேன். ஆண்டு முடிந்ததும் புத்தகத்தில் விழுந்தது 2,340 ரூபா. கேட்டால் கணக்குச் சரி என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– தலவாக்கலை வாசகி

பதில்: ஏமாற்றவில்லை, கணக்குச் சரிதான். ஆனால் நீங்கள் சேர்ந்த அன்றே இதை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவர்கள் பிழை.

8 வீதம் என்பது ஓராண்டு முழுவதும் வங்கியிலே கிடக்கும் காசுக்கான வட்டி. உங்கள் 60,000 ரூபா அப்படிக் கிடக்கவில்லை, மாதம் மாதம்தான் போய்ச் சேர்ந்தது. முதல் மாதம் கட்டிய 5,000 ரூபா மட்டும் 12 மாதமும் இருந்தது. அதற்கு 400 ரூபா. இரண்டாம் தவணை இருந்தது 11 மாதம், அதற்கு 366 ரூபா 67 சதம். ஆறாம் தவணைக்கு 7 மாதம், 233 ரூபா 33 சதம். கடைசித் தவணைக்கு ஒரே மாதம், 33 ரூபா 33 சதம். பன்னிரண்டையும் கூட்டினால் 2,600 ரூபா.

இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. 12, 11, 10 என்று 1 வரை கூட்டினால் 78. மாதத் தவணையை 78ஆல் பெருக்கி, வட்டி வீதத்தால் பெருக்கி, 1,200ஆல் வகுத்தால் விடை வந்துவிடும். மாதம் 3,000 ரூபா கட்டுகிறவருக்கு 8 வீதத்தில் 1,560 ரூபா. பன்னிரண்டு மாதத் திட்டம் எதுவானாலும் சேருமுன் இந்தக் கணக்கை ஒரு துண்டில் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். 24 மாதத் திட்டமானால் 78க்குப் பதில் 300.

2,600 ரூபா எப்படி 2,340 ஆனது? 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிக்கப்படுகிறது. முன்பு இது 5 வீதமாக இருந்தது. உங்களுக்குக் கழிந்தது 260 ரூபா. ஆண்டு வருமானம் எல்லாம் சேர்த்து 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர்கள் வங்கியில் சுய பிரகடனப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தால் இந்தக் கழிவு இல்லை. தோட்டச் சம்பளத்தில் வாழும் குடும்பங்களில் அநேகமாக எல்லோரும் இதற்குள் அடங்குவார்கள். ஆனால் கேட்டால்தான் படிவம் கைக்கு வரும். வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குவதால் ஆண்டுதோறும் புதிதாகக் கொடுக்க வேண்டும். அடையாள அட்டையோடு வரி இலக்கத்தையும், அதாவது 'டின்' இலக்கத்தையும் கொண்டுபோங்கள். இல்லையென்றால் முதலில் அதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுக்குக் காசு இல்லை.

இன்னும் ஒன்று. சில கணக்குகளில் வட்டி தினசரி மீதியில் கணக்காகும். சிலவற்றில் அந்த மாதத்தின் ஆகக் குறைந்த மீதியில் கணக்காகும். தினசரி முறையில் 5,000 ரூபாவை 20 நாள் பிந்திக் கட்டினால் நட்டம் 22 ரூபாதான். அதற்காக லீவு போட்டு, பஸ் காசு கொடுத்து டவுனுக்கு ஓடத் தேவையில்லை. ஆகக் குறைந்த மீதி முறையில் கதை வேறு: வங்கி வைத்திருக்கும் திகதி தவறினால் அந்தத் தவணைக்கு அந்த மாத வட்டியே இல்லை. உங்கள் கணக்கு எந்த முறை என்று கேட்டு, புத்தகத்தின் உள்அட்டையில் எழுதி வையுங்கள்.

கேள்வி: 'போனஸ் வட்டி' கணக்கு வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு 500 ரூபா எடுத்தேன். அந்த மாத வட்டி பாதியாகிவிட்டது.
– கொட்டகலை வாசகர்

பதில்: எடுத்த 500 ரூபாவுக்கு மட்டும் போனஸ் போகும் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியல்ல. இந்த வகைக் கணக்கில் மாதத்தில் ஒரு தடவை எடுத்தாலும் முழு மீதிக்கும் அந்த மாதப் போனஸ் போய்விடும். 40,000 ரூபா மீதி, சாதாரண வட்டி 4 வீதம், போனஸ் 4 வீதம் என்று வையுங்கள். 500 ரூபா எடுத்ததற்கு நீங்கள் இழந்தது 133 ரூபா. கைச்செலவுக்கு வேறொரு சாதாரணக் கணக்கில் இரண்டாயிரம் மூவாயிரம் எப்போதும் கிடக்கட்டும். போனஸ் கணக்கின் ஏ.ரி.எம். அட்டையைப் பணப்பையில் கொண்டு திரியாதீர்கள். எடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால் இந்த மாதத் தேவை, அடுத்த மாதத் தேவை இரண்டையும் ஒரே தடவையில் எடுங்கள். நட்டம் ஒரு மாதப் போனஸோடு போகும்.

கேள்வி: தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணம் கிடைத்தது. அதில் 60,000 ரூபாவை ஒதுக்கியிருக்கிறேன். சாதாரணக் கணக்கில் போட்டு, மாதம் 5,000 ரூபாவாக 8 வீதத் திட்டத்துக்கு மாற்றினால் நல்ல வட்டி வரும் என்கிறான் மகன். செய்யலாமா?
– பண்டாரவளை வாசகி

பதில்: மகன் சொல்வது பாதி சரி. சும்மா கிடப்பதைவிட நல்லது, ஆனால் அதைவிட நல்ல வழி இருக்கலாம்.

சாதாரணக் கணக்கு 4 வீதம் என்று வைப்போம். மாதா மாதம் 5,000 ரூபா நகர நகர அங்கே மீதி 55,000, 50,000, 45,000 என்று இறங்கும். அதற்கு ஆண்டில் கிடைப்பது 1,100 ரூபா. 8 வீதத் திட்டத்தில் 2,600 ரூபா. மொத்தம் 3,700 ரூபா. அதே 60,000 ரூபாவை 7 வீத ஓராண்டு நிலையான வைப்பில் போட்டால் 4,200 ரூபா. பலகையில் 8 பெரிதாகத் தெரிந்தாலும் கையில் வரும்போது 7 வென்றுவிடுகிறது. இந்த 4, 8 என்ற வீதங்களில் மகன் சொல்லும் வழி ஏறக்குறைய 6.2 வீத நிலையான வைப்புக்குச் சமம். நிலையான வைப்பு அதைவிடக் கூடத் தருமானால் அங்கே போடுங்கள், குறையத் தருமானால் மகன் சொல்வதைச் செய்யுங்கள்.

மாதத் திட்டம் யாருக்கு என்றால், மொத்தமாகக் காசு கையில் இல்லாமல் மாதா மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பவர்களுக்கு. மொத்தக் காசு உள்ளவருக்கு அது இரண்டாம் தெரிவு.

நிலையான வைப்பிலும் ஒரு பொறி இருக்கிறது: தவணைக்கு முன் உடைத்தால் பேசிய வட்டி கிடைக்காது, குறைந்த வீதத்தில் திருப்பிக் கணக்குப் போடுவார்கள். ஆகவே 60,000 ரூபாவையும் ஒரே வைப்பில் பூட்ட வேண்டாம். 20,000 ரூபா வீதம் மூன்றாகப் பிரித்து 3, 6, 12 மாதங்களுக்குப் போடுங்கள். மருந்துச் செலவு வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். ஆகக் குறைந்த வைப்புத் தொகை வங்கிக்கு வங்கி வேறுபடும், முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: ஸ்டாண்டிங் ஓர்டர், அதாவது கணக்கிலிருந்து தவணை தானாகப் போகும் கட்டளை, போட்டிருந்தும் இரண்டு மாதம் தவணை போகவில்லை. திட்டமே முறிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.
– பொகவந்தலாவை வாசகர்

பதில்: கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்: கட்டளைத் திகதி 5, சம்பளம் 10ஆம் திகதி. 5ஆம் திகதி கணக்கில் காசு இருந்திருக்காது. அதுதான் காரணம். திகதியை 13க்கு மாற்றுங்கள். 10ஆம் திகதி ஞாயிறிலோ போயாவிலோ விழுந்து சம்பளம் பிந்தினாலும் இரண்டு மூன்று நாள் இடைவெளி இருக்கும். அத்தோடு கணக்கில் தவணைத் தொகையை மட்டும் வைக்காமல் ஆகக் குறைந்த மீதியையும் கட்டணங்களையும் சேர்த்து வையுங்கள். கணக்கில் 5,000 ரூபா இருந்தும், ஆகக் குறைந்த மீதி 500 என்றால் 5,000 போகாது.

எத்தனை தவணை தவறினால் திட்டம் சாதாரணக் கணக்காக மாறும் என்பதை விண்ணப்பப் படிவத்தின் சிறிய எழுத்தில் பாருங்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லை என்றால் அலுவலர் வாசித்துச் சொல்லட்டும். பெயர் (வேலை நாள்) குறைந்த மாதத்தில், அதாவது மழையிலும் கொழுந்து குறைவிலும் சம்பளம் எவ்வளவு வந்தது என்று பழைய சம்பளச் சிட்டைகளைப் பார்த்து, அதிலும் கட்டக்கூடிய தொகையையே தவணையாக வையுங்கள். நல்ல மாதத்துச் சம்பளத்தை நம்பித் தவணை பேசுவதால்தான் அநேகத் திட்டங்கள் பாதியில் முறிகின்றன.

கேள்வி: தீபாவளிக்காகச் சேமிக்கிறேன். எந்த மாதம் தொடங்குவது நல்லது?
– ராகலை வாசகி

பதில்: செப்டெம்பர் தொடக்கத்தில். தீபாவளி 2025இல் ஒக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. ஒக்டோபரில் வந்தாலும் நவம்பரில் வந்தாலும் பண்டிகைக்கு முன் கைக்கு வரவேண்டுமானால் 12 மாதம் செப்டெம்பரில் முடிய வேண்டும். முடியும் திகதியைக் கலண்டரில் சிவப்பாக வட்டமிடுங்கள். எடுக்காமல் விட்டால் பணம் சத்தமில்லாமல் சாதாரண வட்டிக்கு இறங்கிவிடும். தோட்டத்தில் வட்டியில்லாமல் தரும் தீபாவளி முற்பணத்தை முன்கூட்டி அடைக்க இந்தச் சேமிப்பை எடுக்க வேண்டாம். வட்டியில்லாக் கடன் தன் தவணையிலேயே கழியட்டும்.

கேள்வி: சங்கிலி அடகில் இருக்கிறது. மாதம் 3,000 ரூபா சேமிப்பிலும் போடுகிறேன். சரிதானே?
– மஸ்கெலியா வாசகர்

பதில்: சரியில்லை. அடகு வட்டி ஆண்டுக்கு 18 வீதம் என்றால் 100,000 ரூபாவுக்கு மாதம் 1,500 ரூபா போகிறது. 8 வீதச் சேமிப்பு அதற்கு ஈடாகாது. ஒரு மாதச் செலவு மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை அடகின் முதல் தொகைக்குக் கட்டுங்கள். பகுதி பகுதியாக முதலை அடைக்க முடியுமா என்று அடகுக் கரும்பீடத்தில் கேட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சங்கிலி மீண்ட பிறகு அதே 3,000 ரூபா சேமிப்புக்குப் போகட்டும்.

கேள்வி: மாதம் 3 வீத இலாபம் தருவதாக ஒருவர் லயத்துக்கே வந்து சேர்க்கிறார். இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷனும் உண்டாம். பக்கத்து வீட்டில் இரண்டு மாதம் காசு வந்துவிட்டது.
– ஹட்டன் வாசகி

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். மாதம் 3 என்றால் ஆண்டுக்கு 36 வீதம். முதல் இரண்டு மாதம் காசு வருவது பிந்திச் சேர்பவர்களின் காசிலிருந்து. ஆள் சேர்த்தால் பணம் தரும் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின்கீழ் தடைசெய்யப்பட்டவை. ஆள் சேர்த்துவிடுவதும் குற்றம். பக்கத்து வீட்டாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

வைப்பு வாங்க அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. சந்தேகமானால் 1935க்கு அழைத்துக் கேட்கலாம். பட்டியலில் உள்ள நிறுவனம் விழுந்தாலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை தரும். அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு. தபாலகங்களிலும் அதன் சேமிப்புக் கணக்கில் காசு போடலாம் என்பது டவுனுக்குத் தூரமான தோட்டங்களுக்கு வசதி.

கேள்வி: அம்மாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் இருக்கிறது. இப்போது திருத்த வேண்டுமா?
– நானுஓயா வாசகர்

பதில்: இப்போதே. அம்மா உயிரோடு, நடமாட்டத்தோடு இருக்கும்போது அது ஒரு நாள் வேலை. பிறகு நீதிமன்ற வேலையாகிவிடலாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று கிராம சேவகர் தரும் கடிதம், சமாதான நீதவான் முன் செய்த சத்தியக்கடதாசி ஆகியவற்றோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கணக்குள்ள கிளைக்குப் போங்கள். அதே நாளில் கணக்குக்கு வாரிசு நியமனப் படிவமும் நிரப்புங்கள். நியமிக்கப்படுபவரின் பெயரை அவர் அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள், இல்லாவிட்டால் இதே சிக்கல் அடுத்த தலைமுறைக்கும் போகும். ஈ.பி.எஃப். பதிவிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று தோட்டக் கந்தோரில் பாருங்கள். புத்தகத்தில் பல வருடமாக எதுவும் பதியப்படவில்லை என்றால் நூறு ரூபாவாவது போட்டுக் கணக்கை உயிர்ப்பியுங்கள். பத்து வருடம் அசையாத கணக்கின் பணத்தை வங்கி மத்திய வங்கிக்கு அனுப்பிவிடும். அது தொலைந்த பணமல்ல, அதே வங்கிக் கிளை வழியாக உரிமை கோரி மீட்கலாம்.