இன்ஜின் வேலைக்கு 55,000 ரூபாய்: செய்யலாமா, வண்டியைத் தள்ளிவிடலாமா?

கேள்வி: 2012 அக்டோபரில் பதிவான பெட்ரோல் வேகன் ஆர் வைத்திருக்கிறேன். 1.30 லட்சம் கி.மீ. ஓடியிருக்கிறது. இப்போது ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது. இன்ஜினை இறக்கி வேலை பார்க்க 55,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். இப்படியே விற்றால் 40,000, சரிசெய்து விற்றால் 90,000 போகும் என்கிறார் புரோக்கர். போன வருடம்தான் கிளட்ச், டயர் என்று 30,000 செலவழித்தேன். மச்சான், ‘லோன் போட்டுப் புது கார் எடுங்க’ என்கிறார். சம்பளம் 46,000. எஃப்.டி.யில் 1.6 லட்சம் இருக்கிறது. மாதம் இரண்டு முறை அப்பாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். என்ன செய்யலாம்? – வாசகர், திண்டுக்கல்

பதில்: புகை எப்போது வருகிறது என்று நீங்கள் எழுதவில்லையே! காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலமாக ஒரு தள்ளு தள்ளிவிட்டு அப்புறம் நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் சீல் இறுகிப் போயிருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால், ஆயில் சிலிண்டருக்குள் ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். இரண்டுக்கும் ஆகிற செலவு ஒன்றல்ல.

அதனால் ரிப்பேருக்குச் சரி சொல்லும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், முடிந்தால் வேறொரு ஒர்க்‌ஷாப்பில். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு கேஜை மாட்டி, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்ப்பார்கள். உங்கள் வண்டியில் மூன்றே சிலிண்டர், சீக்கிரம் முடிந்துவிடும். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வையோ, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டையோ சந்தேகப்பட வேண்டும். சில நூறு ரூபாய் கேட்பார்கள், கொடுங்கள். 55,000 சில ஆயிரங்களாகச் சுருங்கினால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

ரிங்தான் என்று உறுதியானால் கணக்குக்கு வருவோம். ‘90,000 ரூபாய் வண்டிக்கு 55,000 செலவா?’ என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கேள்வியே பிசகு. இப்படியே விற்றால் வரும் 40,000-ஐ விட்டுக்கொடுத்து, அதோடு 55,000 போடுகிறீர்கள். ஆக, இன்ஜின் வேலை முடிந்த இந்த வண்டியை 95,000 கொடுத்து வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலைக்குச் சந்தையில் கிடைப்பது இன்னொருவர் தள்ளிவிட நினைக்கும் வண்டி. அதன் இன்ஜின் எப்போது புகையும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் வண்டியின் ஜாதகம் உங்களுக்குத் தெரியும். போன வருடத்து 30,000-ஐ இந்தக் கணக்கில் இழுக்காதீர்கள், அது போன பணம். புது கிளட்ச்சும் டயரும் இன்னும் வண்டியில் இருக்கின்றன, அதுதான் லாபம்.

அடுத்து ஆர்.சி. 2027 அக்டோபரில் 15 வருடம் முடிகிறது. டெல்லியில் கொண்டுவந்ததுபோல வயதை வைத்துப் பெட்ரோல் காரை நிறுத்தும் தடை தமிழ்நாட்டில் இல்லை. தகுதிச் சோதனை முடித்து ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் இருந்து காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரி, டிங்கரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 15,000 ஒதுக்குங்கள். மொத்தம் 1.10 லட்சம். மூன்று வருடம் ஓட்டி, கடைசியில் 20,000-க்கு விற்றால்கூட மாதம் 2,500 ரூபாய்தான். சில்லறை ரிப்பேருக்கு 1,250 சேர்த்தாலும் 3,750.

மச்சான் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. ஆனால் 5 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 10,500. வட்டி மட்டும் 1.30 லட்சம். அந்த இ.எம்.ஐ. உங்கள் சம்பளத்தில் கிட்டத்தட்ட கால்வாசி. அப்பா சிகிச்சையில் இருக்கும் வீட்டுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

பணத்தை எஃப்.டி.யிலிருந்தே எடுங்கள். முன்கூட்டியே உடைப்பதற்கான அபராதம், பர்சனல் லோன் வட்டிக்கு முன் ஒன்றுமே இல்லை. மீதி ஒரு லட்சத்தை அப்பாவுக்காகத் தொடாமல் வையுங்கள். இன்ஷூரன்ஸில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தேய்மானத்துக்குச் சாதாரண பாலிசியில் கிளெய்ம் கிடையாது.

ஒரு சொந்த அனுபவம். என் பழைய காரில் ஹெட் வேலை முடித்த நாலாவது மாதமே மறுபடி சூடேறி நின்றது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த டீ மாதிரி நுரை, ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. அடைத்துக்கிடந்த ரேடியேட்டரை யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். லேத் கூலி, ரேடியேட்டர் கிளீனிங், வாட்டர் பம்ப் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். கழற்றிய பழைய ரிங்குகளைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

பிளாக் கீறியிருக்கிறது, கிராங்க்கும் போய்விட்டது என்று எஸ்டிமேட் 75,000-ஐத் தாண்டினால் இப்படியே 40,000-க்குக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஆறு மாதம் மதுரைக்கு டாக்ஸியில் போய் வாருங்கள். காத்திருப்போடு ஒரு நடைக்கு 2,500 என்றால் மாதம் 5,000. அப்போதும் மச்சானின் இ.எம்.ஐ.யில் பாதிகூட வராது.