கேள்வி பதில்: ஓடுவதற்கு முன் எண்ணுங்கள்

கேள்வி: மேடன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ விளையாட்டில் ஒவ்வொரு முறை ஓடும்போதும் இரண்டு யார்டு தாண்டுவதற்குள் என்னை மடக்கிவிடுகிறார்கள். நிச்சயமாகப் பலிக்கும் ரன்னிங் பிளே (பந்தோடு ஓடும் ஆட்டத் திட்டம்) எது?

பதில்: அப்படி ஒன்று இல்லை. ஆனால் நிச்சயமாகப் பலிக்காத பிளேயைப் பந்து கைக்கு வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

உங்கள் முன்வரிசைக்கு எதிரே, பந்திலிருந்து ஐந்து யார்டு ஆழத்துக்குள் எதிரணியினர் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். இந்தப் பகுதிக்குத்தான் 'பாக்ஸ்' என்று பெயர். உங்கள் பக்கம் முன்வரிசையில் ஐந்து பேர், அதன் ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட் ஒருவர், ஆக ஆறு பேர் தடுக்க இருக்கிறார்கள். பாக்ஸில் ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஆள் சரியாகிவிட்டது, தயங்காமல் ஓடுங்கள். ஏழு பேர் என்றால் ஒருவரைத் தடுக்க ஆளில்லை. அவரைப் பந்தோடு ஓடும் உங்கள் ரன்னிங் பேக்தான் சமாளிக்க வேண்டும். ரன்னிங் பேக்குக்கு நேர் முன்னால் ஃபுல்பேக் என்ற இன்னொரு தடுப்பவர் நிற்கும் ஐ ஃபார்மேஷனில், அந்த ஃபுல்பேக் முன்னால் ஓடி அந்த ஏழாமவரைப் பார்த்துக்கொள்வார். எட்டுப் பேர் திரண்டு நின்றால் ஓட்டத்தைக் கைவிட்டு, ஆடிபிள் கொடுத்து, அதாவது கடைசி நேரத்தில் பிளேயை மாற்றி, பாஸுக்கு மாறுங்கள். பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் இப்படி எண்ணிப் பழகிவிட்டால், பிறகு பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. பந்து கைக்கு வந்ததும் கன்ட்ரோலரின் வலது டிரிகரை அழுத்தி வேகம் எடுக்கிறீர்கள் அல்லவா? பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். தடுப்பவர் எதிராளியைப் பிடித்துத் தள்ளி வழி திறக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் முழு வேகத்தில் பாய்ந்தால் உங்கள் ஆளின் முதுகிலேயே போய் மோதுவீர்கள். வேகத்தில் திரும்புவதும் கடினம். முன்வரிசையின் நடுவே ஓடும் இன்சைட் ஜோன் பிளேயை எடுத்து, முன்வரிசையைத் தாண்டும்வரை டிரிகரைத் தொடாமல் ஆடிப் பாருங்கள். தாண்டியபின் அழுத்துங்கள். நான் முதலில் கற்றுத் தரும் பாடமும் இதுதான்.

கேள்வி: ஓரமாக ஓடும் பிளேக்களில் எனக்கு யார்டு பறிபோகிறதே?

பதில்: ரன்னிங் பேக்குக்குப் பந்தை ஓரமாக வீசிக் கொடுக்கும் டாஸ் பிளேயில் அந்த ஆபத்து உண்டு. பந்து வெகுதூரம் பின்னால் வாங்கப்படுகிறது. ஓரத்தில் நிற்கும் எதிரணி வீரர் உள்ளே புகுந்துவிட்டால் நான்கைந்து யார்டு இழப்புத்தான். அவுட்சைட் ஜோன் அப்படியல்ல. அதன் பெயரைப் பார்த்து எல்லோரும் எல்லைக்கோட்டை நோக்கியே ஓடுகிறார்கள். டைட் எண்டின் வெளிப்பக்கத்தைக் குறிவைத்து ஓடத் தொடங்குங்கள். எதிரணி உங்களோடு பக்கவாட்டில் நகரும். எங்கே பிளவு தெரிகிறதோ அங்கே ஒரே ஒரு முறை திரும்பி நேராக முன்னே பாயுங்கள். இரண்டாவது திருப்பம் வேண்டாம். நிஜ ஆட்டத்தில், மைக் ஷானஹன் பயிற்சியளித்த டென்வர் பிராங்கோஸ் அணியில் ரன்னிங் பேக் டெரல் டேவிஸ் இந்த முறையில் ஓடித்தான் 1998 பருவத்தில் 2,008 யார்டு குவித்தார். அவருடைய பழைய ஆட்டக் காட்சிகளைப் பாருங்கள். அந்த ஒற்றைத் திருப்பத்துக்கு முன் அவர் காட்டும் நிதானம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த பிளே எது?

பதில்: கவுன்ட்டர். கேட்டதற்கு நன்றி.

ரன்னிங் பேக் முதல் அடியை இடப்பக்கம் வைக்கிறார். எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் இருவரும் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். அதே கணத்தில் உங்கள் முன்வரிசையின் இடப்பக்கத்து லைன்மேன்கள் இருவர் தங்கள் இடத்தை விட்டு விலகி, வரிசைக்குப் பின்னாலேயே வலப்பக்கம் ஓடுகிறார்கள். முன்னால் போகிறவர் ஓரத்தில் நிற்பவரை வெளியே தள்ளுகிறார். பின்னால் வருகிறவர் அந்தச் சந்துக்குள் நுழைந்து லைன்பேக்கரைத் தேடுகிறார். உங்கள் வேலை அந்த இரண்டாமவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு போவது மட்டுமே. 1980களில் பயிற்சியாளர் ஜோ கிப்ஸின் வாஷிங்டன் அணி இதை வைத்தே எதிரிகளைத் திணறடித்தது.

பயிற்சிப் பகுதியில் இந்த ஒரு பிளேயை இருபது முறை ஓட்டுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். அந்த இரண்டாமவரின் சட்டை எண்ணை மட்டும் பாருங்கள். அவர் தோளைத் திருப்பும்போது எந்தப் பக்கம் வழி திறக்கிறது என்பது ஏழெட்டு முறைக்குள் பிடிபட்டுவிடும். எதிரணி இன்சைட் ஜோனைப் பார்த்துப் பழகியபின் இதை எடுப்பது நல்லது. அப்போதுதான் அந்த முதல் அடியை நம்புவார்கள்.

கேள்வி: முன்னிலையில் இருந்தும் கடைசி நிமிடங்களில் தோற்றுவிடுகிறேன்.

பதில்: எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போகிறீர்களா? கடைசி ஐந்து நிமிடத்தில் வெளியே போனால் கடிகாரம் நின்றுவிடும். உள்ளேயே விழுங்கள். அடுத்த பிளேக்கு உள்ள 40 வினாடியைக் கடைசிவரை கரையவிடுங்கள். கூட்டத்துக்குள் நுழையும்போது பந்தை மார்போடு அணைத்துக்கொள்ளும் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். நான்கு யார்டு அதிகம் கிடைப்பதைவிடப் பந்து கையில் இருப்பது முக்கியம்.

கேள்வி: பழைய டெக்மோ சூப்பர் பவுல் விளையாடுவதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. 1991இல் வந்த அந்த விளையாட்டில் ஓர் அணிக்கு எட்டே பிளேக்கள். நான்கு ஓட்டம், நான்கு பாஸ். நீங்கள் எடுத்த பிளேயையே எதிராளியும் ஊகித்துவிட்டால் தற்காப்பு வீரர்கள் மொத்தமாக உள்ளே புகுந்துவிடுவார்கள். ஆகவே பிடித்த ஓட்டத்தையே திரும்பத் திரும்ப எடுக்கும் பழக்கத்தை அது ஒரே மாலையில் போக்கிவிடும். பயிற்சிக்காக விளையாடினால் போ ஜாக்சன் இருக்கும் ரெய்டர்ஸ் அணியை மட்டும் எடுக்காதீர்கள். அவர் வேகத்துக்கு எந்தப் பிளேயும் பலித்துவிடும். நீங்கள் எதையும் கற்க முடியாது.