எண்ணப்படாத சனம்

கேள்வி: யாழ்ப்பாணத்துக் காரைநகர் கசூரினா கடற்கரையில் ஞாயிறு பின்னேரங்களில் கால் வைக்க இடமில்லை. அங்கே வாகனத் தரிப்பிடத்தைப் பெருப்பித்துக் கடைகளைக் கூட்டினால் போதாதா? மணற்காடு, சுண்டிக்குளம் போன்ற கரைகளுக்கு அவ்வளவு சனம் போவதில்லையே, அங்கெல்லாம் பொதுப் பணத்தை ஏன் செலவழிக்க வேண்டும்?
– வாசகர் ஒருவர், நெல்லியடி

பதில்: போகிறவர்களை மட்டும் எண்ணித் தேவையை அளப்பதில்தான் பிழை தொடங்குகிறது. சொந்த வாகனம் இல்லாத குடும்பம், இருட்டுமுன் திரும்பப் பேருந்து கிடைக்குமோ என்று தயங்கும் பெண்கள், நிழலும் இருக்கையும் இல்லாததால் வீட்டோடு நின்றுவிடும் முதியவர்கள் ஆகியோர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வடமராட்சிக் கரையொன்றில், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஓர் அம்மா, மலசலகூடம் இல்லை என்று அறிந்ததும் அரை மணித்தியாலத்துக்குள் திரும்பிப் போனதைப் பார்த்தேன். அவர் மறுபடி வராவிட்டால், அவருக்குக் கடற்காற்று வேண்டாம் என்றா எழுதுவது?

ஒரே இடத்தில் வசதிகளைக் கூட்டக் கூட்ட அங்கேதான் மேலும் சனம் சேரும். புதிய தரிப்பிடமும் சில ஆண்டுகளில் நிரம்பிவிடும்.

அதற்காக எல்லா இடங்களையும் ஒரேமாதிரித் திறந்துவிட முடியாது. மணற்காட்டில், மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மணல் எவ்வளவு நகரக்கூடியது என்பது விளங்கும். அதைப் பிடித்து வைத்திருப்பவை மணலில் படரும் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். மோட்டார் சைக்கிள் சில்லு ஏறிய தடத்தில் கொடி நைந்து, தண்டு அறுந்து, வெறும் மணல் தெரியும். அந்த இடத்திலிருந்துதான் காற்று தோண்டத் தொடங்கும். ஆகவே அங்கே வேண்டியது மணல்மேட்டுக்கு வெளியே வாகனங்களை நிறுத்தும் ஒழுங்கும், நடப்பதற்கு ஒரு தடமும். 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட சுண்டிக்குளத்திலோ வலசை வரும் பறவைகளுக்கே முதலிடம். மனிதர் தூர நின்று பார்த்தால் போதும். கரைவலை இழுக்கும் இடங்களில் தொழிலாளரின் சம்மதமின்றி எதையும் தீர்மானிக்கக் கூடாது என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன்.

பிரித்தானியாவில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய பூங்காக்களை அமைக்க வழிசெய்ததோடு நின்றுவிடாமல், நாட்டுப்புறத்துப் பொது நடைபாதைகளை உள்ளூர் சபைகள் வரைபடத்தில் பதிய வேண்டும் என்றும் விதித்தது. அதில் நமக்குப் பாடம் உண்டு. பனங்கூடல்களுக்கும் தரவை வெளிகளுக்கும் ஊடாகக் கடற்கரைக்குப் போகும் நம் ஒழுங்கைகள் ஒவ்வொரு வேலியாக ஒடுங்கி வருகின்றன; எது பொதுப் பாதை என்பது எழுத்தில் இல்லாவிட்டால் பின்னர் மீட்பது கடினம்.

பொதுப் பாதைகளும் சுகாதார வசதிகளும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி பிரதேச சபையின் பொறுப்புக்குள் வருபவை. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருமுன், உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஊடாக மூன்றை எழுத்தில் கேளுங்கள்: ஞாயிறு பின்னேரம் திரும்பி வர ஒரு பேருந்துக்குச் சபை பரிந்துரைக்க வேண்டும், தண்ணீரோடு கூடிய மலசலகூடம் ஒன்று வேண்டும், கரைக்குப் போகும் ஒழுங்கைகளின் பதிவு வேண்டும். கடிதம் எழுதுமுன், கடற்கரைக்கு இதுவரை போகாத உங்கள் அயலவர்களிடம் ஏன் போகவில்லை என்று கேட்டு, அந்தக் காரணங்களையும் அதில் சேர்த்துவிடுங்கள்.