சந்தாபுராவா, யலஹங்காவா? மாந்தோப்பை விற்று வாங்கும் வீடு

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டினத்தில் இருக்கிறோம். மகனுக்குப் பெங்களூரு நாகவாராவில் மான்யதா டெக் பார்க்கில் வேலை. மருமகளுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில். 4 வயதில் பேத்தி இருக்கிறாள். இப்போது எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் வாடகை வீடு. எங்கள் மூன்று ஏக்கர் மாந்தோப்பில் ஒரு ஏக்கரை விற்றுப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறோம், மீதிக்கு அவர்கள் வங்கிக் கடன் வாங்குவார்கள். ஓசூர் பக்கம் சந்தாபுராவில் ஒரு ஃபிளாட்டும் ஏர்போர்ட் பக்கம் யலஹங்காவில் ஒரு ஃபிளாட்டும் பார்த்து வைத்திருக்கிறார்கள். யலஹங்கா 18 லட்சம் கூடுதல். "பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு, சந்தாபுராவே போதும்" என்கிறார் கணவர். "ஏர்போர்ட் பக்கம்தான் விலை ஏறும்" என்கிறான் மகன். எந்தப் பக்கம் வாங்கலாம்?

பதில்: அம்மா, உங்கள் ஊரை ஒட்டிப் போகும் அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான் பெங்களூரைத் தாண்டி ஹெப்பாள், யலஹங்கா, தேவனஹள்ளி வழியாக ஹைதராபாத் போகிறது. ஒரே ரோடுதான், ஆனால் நடுவில் முழுப் பெங்களூரும் கிடக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சந்தாபுரா 65, 70 கி.மீ. இருக்கும். யலஹங்கா 100-ஐத் தாண்டிவிடும். அந்தக் கடைசி 40 கி.மீ.க்கு ஆகும் நேரத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கே போய்விடலாம்.

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் போகப் போவது மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை. அவர்கள் இருவரும் வேலை நாள் எல்லாம் போக வேண்டும். அதனால் முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம். சந்தாபுராவில் வாங்கினால் மருமகளுக்கு அலுவலகம் பக்கம், மகன் நாகவாரா போக ஒரு வழிக்கு 35 கி.மீ. அளவு. யலஹங்காவில் வாங்கினால் மகனுக்கு 10, 12 கி.மீ., மருமகளுக்கு 40-ஐ நெருங்கும். யாராவது ஒருவர் ஊரைக் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும்.

போன வருஷம் என் அக்கா மகனுக்காக வடக்குப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனோம். கட்டியவர்களே காரை அனுப்பினார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை. ஹெப்பாள் மேம்பாலத்தைக் கடந்ததே தெரியவில்லை. பையனுக்கு அங்கேயே முன்பணம் கொடுத்துவிடும் வேகம். நான் தடுத்து, செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அவன் ஆபீஸுக்கு இருவரும் பைக்கில் கிளம்பினோம். அதே மேம்பாலத்தின் ஏற்றத்தில், ஒரு காலை தரையில் ஊன்றி ஊன்றி நகர்ந்து, இறங்குவதற்குள் 40 நிமிடம். இறங்கியதும் அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். உங்கள் மகனும் மருமகளும் இரண்டு வீட்டிலிருந்தும் ஒரு வேலை நாளில் காலையும் மாலையும் போய் வரட்டும். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

இனி என் அபிப்பிராயம். தெற்குப் பக்கம் வாங்குங்கள், ஆனால் சந்தாபுராவில் வேண்டாம். மெட்ரோ ஓடும் வரிசையிலேயே, ஓசா ரோடு, சிங்கசந்திரா, கூட்லு கேட் என்று நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். அறை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கி.மீ., 16 நிலையங்கள் கொண்ட மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. மருமகளுக்கு அது நேராக எலக்ட்ரானிக் சிட்டி. மகனுக்கும் வழி இருக்கிறது: கட்டுமானத்தில் இருக்கும் இளஞ்சிவப்புத் தடம் ஜெயதேவா மருத்துவமனை நிலையத்தில் மஞ்சளைத் தொட்டு, வடக்கே நாகவாராவில் முடிகிறது. அது முழுசாக வந்தால் ஒரே ஒரு இடத்தில் மாறி அவன் போய்விடலாம். வடக்கே வாங்கினால் மருமகளுக்கு, விமான நிலையத்திலிருந்து சில்க் போர்டு வரை சுற்றி வரும் நீலத் தடம் முழுசும் வர வேண்டும். தெற்கே வாங்கினால் ஒருவருக்காவது இப்போதே மெட்ரோ ஓடுகிறது. வரப்போகிற மெட்ரோவைக் காட்டிச் சொல்லும் விலையை நான் எப்போதுமே கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, பேத்தியைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவார்கள்? மருமகள் என்றால் அவருக்குப் பக்கத்தில்தான் வீடு இருக்க வேண்டும். காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் 40 கி.மீ. தள்ளி இருக்கும் அம்மா என்ன செய்வார்?

ஏர்போர்ட் பக்கம் விலை ஏறும் என்பது 2008-ல் விமான நிலையம் திறந்த காலத்திலிருந்து சொல்லப்படுவது. அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு உங்களிடம் சொல்லும் விலையிலேயே ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. குடியிருக்க வாங்குகிறவர்கள் அதற்காக 18 லட்சம் கூடுதல் கடன் சுமக்க வேண்டியதில்லை.

சரி, பத்திரங்களுக்கு வருவோம். நம் பக்கத்து ஆட்கள் சறுக்குவது இங்கேதான். பட்டா, சிட்டா என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். பெங்களூரு ஃபிளாட்டுக்குக் கேட்க வேண்டியது காத்தா. அது சொத்து வரிப் பதிவுதான், உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் அதில் ஏ, பி என்று இரண்டு உண்டு. முறையான அனுமதி இல்லாத இடங்களெல்லாம் பி பதிவேட்டில் கிடக்கும், அதற்குக் கடன் தர பல வங்கிகள் தயங்கும். "பி-யை ஏ-வாக மாற்றித் தருகிறோம்" என்று யார் சொன்னாலும், மாற்றிய பிறகு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். இப்போது மின்னணு காத்தா இல்லாமல் பத்திரப்பதிவும் நடக்காது. சந்தாபுரா பெங்களூரு மாநகர எல்லைக்கு வெளியே, ஆனேக்கல் தாலுகாவில் இருக்கிறது. அங்கெல்லாம் விவசாய நிலத்தை மனையாக மாற்றிய உத்தரவையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது ஓசி, அதாவது குடியேறலாம் என்ற சான்று. ஓசி இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், தண்ணீர் இணைப்பு தரக்கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டுகிறவர் கையில் ஓசி இருந்தால் ஜி.எஸ்.டி.யும் கிடையாது. திட்டத்தின் பெயரை, வீடு கட்டி விற்பவர்களை முறைப்படுத்தும் ஆணையமான கர்நாடக ரேராவின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். காகிதங்கள் எல்லாம் கன்னடத்தில் இருக்கும். ஓசூர், தளி பக்கம் கன்னடம் படிக்கத் தெரிந்தவர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனாலும் பெங்களூரிலேயே சொத்து வழக்கு பார்க்கும் வக்கீலிடம், விற்பவர் காட்டும் வக்கீலிடம் அல்ல, காசு கொடுத்துத் தாய்ப்பத்திரத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரை மறக்காதீர்கள். 2024 கோடையில் பெங்களூரு டேங்கருக்கு அலைந்தது நினைவிருக்கும். அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் வந்து, மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்குத் தண்ணீர் தரத் தொடங்கினார்கள். உங்கள் கட்டடத்துக்கு இணைப்பு வந்துவிட்டதா என்று கேளுங்கள். வாய்வார்த்தை போதாது. குடியிருப்போர் சங்கத்தின் போன மார்ச், ஏப்ரல் கணக்கைக் காட்டச் சொல்லி, அதில் டேங்கர் செலவு என்ற வரியைப் பாருங்கள். போர் தண்ணீர் என்றால் பரிசோதித்த அறிக்கை வேண்டும். ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன்னால் ஃபுளோரைடு நம் பிள்ளைகளின் பல்லை என்ன செய்தது என்று வகுப்பறையிலேயே பார்த்தவர் நீங்கள். சந்தாபுரா வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அங்குள்ள ஏரியும் ஒரு காரணம். அது மாசுபட்டதற்காக 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

கடைசியாகத் தோப்பு. 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள ஊரின் எல்லையிலிருந்து 2 கி.மீ.க்கு மேல் தள்ளியிருக்கும் விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. காவேரிப்பட்டினம் பேரூராட்சி எல்லையிலிருந்து உங்கள் தோப்பு எவ்வளவு தூரம் என்று ஆடிட்டரிடம் சொல்லி அளந்து பாருங்கள். உள்ளே வந்தால் வரி உண்டு. அந்த வரிக்கு விலக்கு வேண்டுமானால் வாங்கும் வீட்டில் உங்கள் பெயர் இருப்பது நல்லது. வரி இல்லாவிட்டாலும் உங்கள் பெயர் இருக்கட்டும். பிள்ளையிடம் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் தோப்பு. வீட்டின் விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குகிறவர்தான் விலையில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் மகனிடம் சொல்லிவையுங்கள்.

காகிதம் சுத்தமாகக் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வருஷம் வாடகையிலேயே இருக்கட்டும். அந்த ஒரு வருஷம் தோப்பும் உங்களிடமே இருக்கும், காய்க்கும்.

கேள்வி: நான் பாலக்கோடு. யஷ்வந்த்பூர் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. வாரம் ஒரு முறை ஊருக்கு வர வேண்டும் என்பதால் எலக்ட்ரானிக் சிட்டியிலேயே அறை எடுத்துக்கொள் என்கிறார்கள் நண்பர்கள். சரியா?

பதில்: வேண்டாம் தம்பி. பஸ்ஸை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். உங்கள் ஊர் வழியாகத்தான் சேலம்–பெங்களூரு ரயில் பாதை போகிறது. ஓசூர், கார்மேலரம் தாண்டியபின் சில ரயில்கள் மெஜஸ்டிக்கில் இருக்கும் பெங்களூரு பெரிய நிலையத்துக்குப் போகாமல், பானஸ்வாடி, ஹெப்பாள் வழியாக யஷ்வந்த்பூருக்கே போகும். அதனால் ஹெப்பாளுக்கும் யஷ்வந்த்பூருக்கும் இடையில் அறை எடுத்தால் வேலையும் பக்கம், ஊரும் பக்கம். எந்த ரயில் பாலக்கோட்டில் நிற்கிறது, எந்த ரயில் ஹெப்பாளில் நிற்கிறது என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது, காலி செய்கையில் பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பெங்களூரில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது வழக்கம். அதற்கு மேல் கேட்டால் பேசிக் குறையுங்கள்.