தெருவில் ஆடும் குழு டிவி போட்டிக்குப் போனால் பெயர் கிடைக்குமா?

கும்பகோணம் பக்கம் திருவிழாக்களில் ஆடும் பையன்களை டிவி போட்டிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் தெருவில் விசில் வாங்கிய ஆட்டம் அப்படியே அங்கே எடுபடாது.

தெருவில் நாலு பக்கமும் கூட்டம். தஞ்சாவூர் பொய்க்கால் குதிரையோ கரகாட்டமோ, நையாண்டி மேளம் ஏற ஏறத்தான் சூடு பிடிக்கும். அரைமணி ஆனாலும் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. டிவியில் கிடைப்பதோ சில நிமிடம். நடுவர்கள் எதிரே ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். மெதுவாக ஏற்றிக்கொண்டு போக நேரமே இல்லை. எடுத்த எடுப்பிலேயே ஏதாவது ஒரு வித்தை தெரிய வேண்டும், அதுவும் குழுவாக. 2009இல் ‘பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்’ என்ற பிரிட்டிஷ் டிவி திறமைப் போட்டியின் இறுதிச்சுற்றில், எல்லோரும் ஜெயிப்பார் என்று நினைத்த பாடகி சூசன் பாயிலையே தாண்டி டைவர்சிட்டி என்ற தெரு நடனக் குழு ஜெயித்தது. மும்பையின் கிங்ஸ் யுனைடெட் நடனக் குழு 2019இல் ‘வேர்ல்ட் ஆஃப் டான்ஸ்’ என்ற அமெரிக்க டிவி போட்டியை வென்று 10 லட்சம் டாலர் வாங்கியது.

நம் பக்கம் பரிசை விட அப்புறம் வரும் புக்கிங்தான் பெரிய விஷயம். நாட்டுப்புறப் பாட்டோடு போய் 2018இல் ‘சூப்பர் சிங்கர்’ ஜெயித்த புதுக்கோட்டை செந்தில் கணேஷைத் தெரியாதவர்கள் உண்டா?

கையெழுத்துக்கு முன், வேறு சேனலில் எத்தனை மாதம் ஆடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பங்குனி, சித்திரையில் அட்வான்ஸ் வாங்கிய கோயில் தேதிகளை முதலிலேயே சொல்லிவிட்டு, ஷூட்டிங் தேதி பேசச் சொல்லுங்கள்.