1900-ஐ ஒட்டி வட சீனாவில் அந்நியருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்த பாக்சர்கள் தங்களை ஏன் "யீஹேதுவான்" என்றார்கள்?

"யீ" என்றால் அறம், "ஹே" என்றால் இணக்கம். முதலில் இந்தப் பெயர் "ச்சுவான்", அதாவது முஷ்டி, என்றுதான் முடிந்தது. 1898-ல் ஷான்டோங் மாகாண ஆளுநர் ஜாங் ரூமெய் இவர்களை ஊர்க்காவல் படையில் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னார். படையைக் குறிக்கும் "துவான்" பின்னர் நிலைத்தது. ஒரே ஓர் எழுத்து, ஆனால் சட்டத்துக்குள் நுழைய அதுவே வாசல்.

கொடியில் "சிங் அரசைத் (அன்று சீனாவை ஆண்ட அரச வம்சம்) தாங்கு, அந்நியனை அழி". அவர்களுடைய விதிகளைப் பாருங்கள்: பேராசை வேண்டாம், பெண்ணாசை வேண்டாம், பெற்றோர் சொல் தட்டாதே, அரச சட்டத்தை மீறாதே, அந்நியனைக் கொல். ஒழுக்கமும் கொலையும் ஒரே மூச்சில்! ஆயிரக்கணக்கான சீனக் கிறிஸ்தவர்களே இதற்கு அதிகம் பலியானார்கள்.

அரசவையும் அதே "யீ" என்ற சொல்லை எடுத்தாண்டது. 1900 ஜூனில் "அறவழி மக்கள்". அந்நியப் படைகளிடம் பெய்ஜிங் வீழ்ந்ததும், செப்டம்பரில், அவர்களே "கொள்ளையர்".