காணாமற்போன படைவீரரைத் தேடும் வழி

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்குச் சென்று திரும்பாத என் சின்னத் தாத்தாவின் கடிதம் ஒன்றே எங்களிடம் உள்ளது. அவரைப் பற்றி அறிய வழி உண்டா?

பதில்: உண்டு. பெயரின் எழுத்து பதிவுக்குப் பதிவு மாறும். ஒரே பெயரில் பலர் இருந்திருப்பார்கள் என்பதால் ஒவ்வொரு வீரருக்கும் தனியாகத் தரப்பட்ட படை எண்ணே முதன்மையானது. கடித உறையை வெளிச்சத்தில் பிடித்து, அனுப்புநர் பெயருக்கு அருகே எண் ஏதும் உள்ளதா, அவர் இருந்த ரெஜிமெண்டின் (படைப்பிரிவின்) பெயர் என்ன, மங்கிய அஞ்சல் முத்திரையில் என்ன தேதி தெரிகிறது என்று பொறுமையாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் காமன்வெல்த் நாடொன்றின் படையில் இருந்து இறந்திருந்தால், 1917இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் கட்டணமின்றித் தேடலாம்; இரு உலகப் போர்களிலும் உயிரிழந்த சுமார் 17 லட்சம் பேர் அதில் உள்ளனர். உடல் கிடைக்காதவர்களின் பெயர்களும் நினைவுச் சுவர்களில் பொறிக்கப்பட்டிருப்பதால், கல்லறை இல்லையே என்று மனம் தளராதீர்கள். போர்க் கைதியாக இருந்திருக்கலாம் என்று கருதினால், ஜெனீவாவிலுள்ள சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.